வானத்தில் கடை விரிக்கிறார்கள்! நம் பங்கு என்ன?

வானத்தில் வியாபாரம் நடக்கிறது.

வேடிக்கைப் பேச்சு அல்ல, உண்மை. அங்கே சரக்கு ஏற்றிச் செல்லக் கூலி வாங்குகிறார்கள். படம் எடுத்து விற்கிறார்கள். பேச்சையும் செய்தியையும் கடத்திக் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கிறார்கள். மனிதர்கள் போய்த் தங்கி வருவதற்கு டிக்கெட் கூட விற்கிறார்கள்.

இதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர், "தாழ்வட்டப் பாதைப் பொருளாதாரம்." பெயர்தான் பெரிது. விஷயம் எளிது. பூமிக்குப் பக்கத்தில் இருக்கும் வானத்தில் பணத்தைப் போட்டுப் பணத்தை எடுப்பது. அவ்வளவுதான்.

இந்த வியாபாரத்துக்கும் குமரி மாவட்டத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

திருவட்டாற்றுக்குப் பக்கத்து ஊர் குலசேகரம். ரப்பர் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே 1943-ம் ஆண்டில் பிறந்தவர் ஜி.மாதவன் நாயர். படித்து என்ஜினீயராகி, தும்பா ராக்கெட் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2003-ம் ஆண்டில் இஸ்ரோவின் தலைவர் ஆனார்.

அவர் தலைவராக இருந்தபோது, 2007-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஒரு பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து சென்ற முக்கியச் சரக்கு நம்முடையது அல்ல. இத்தாலி நாட்டின் "அஜிலே" என்ற செயற்கைக் கோள். எடை 352 கிலோ. அதை ஏற்றிச் செல்ல இத்தாலி கூலி கொடுத்தது.

அதற்கு முன்பும் வெளிநாட்டுச் செயற்கைக் கோள்கள் நம் ராக்கெட்டில் போனது உண்டு. 1999-ம் ஆண்டு மே 26-ந் தேதி கொரியாவும் ஜெர்மனியும் ஆளுக்கு ஒன்று அனுப்பின. ஆனால் அவை நம்முடைய செயற்கைக் கோளுடன் ஒட்டிக்கொண்டு போனவை. முழுக்க முழுக்க வாடகைச் சவாரியாக ஒரு ராக்கெட் போனது 2007-ல்தான்.

அன்று தொடங்கிய தொழில் இன்று எங்கே நிற்கிறது? லாபம் யாருக்கு? ஆபத்து யாருக்கு? நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை உண்டா? பார்ப்போம்.

எவ்வளவு உயரம்?

"வானம்" என்றதும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் நினைக்க வேண்டாம். இது அடுத்த வீட்டு வானம்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். நாகர்கோவிலில் இருந்து திருச்சிக்குப் பஸ்சில் போகிற தூரத்தை நிமிர்த்தி நிறுத்தினால், ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். 2,000 கிலோமீட்டர் வரையில் உள்ளதைத் தாழ்வட்டப் பாதை என்கிறார்கள்.

அங்கே போன பொருள் ஏன் கீழே விழுவதில்லை?

ஒரு கல்லை எறிந்தால் சிறிது தூரம் போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தூரம் போய் விழும். காற்று மிக மிக மெலிந்த அந்த உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால்? அப்போதும் விழத்தான் செய்யும். ஆனால் பூமி உருண்டை அல்லவா? கல் விழ விழ, தரையும் வளைந்து விலகிப் போகிறது. கல் தரையைத் தொடுவதே இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும்.

திருவட்டாறு என்ற பெயருக்கே வட்டமிட்டு ஓடும் ஆறு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோவிலை மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு போகிறது. ஆறு நின்றுவிட்டால் குட்டை. செயற்கைக் கோள் நின்றுவிட்டால் அதோடு தீர்ந்தது, கீழே வந்துவிடும். ஓட்டம்தான் அதற்கு உயிர்.

ஒரு தடவை பூமியைச் சுற்றி வர சுமார் 90 நிமிஷம். திருவட்டாற்றில் பஸ் ஏறியவர் திருவனந்தபுரம் போய் இறங்குவதற்குள், செயற்கைக் கோள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும்!

நான்கு வகை வியாபாரம்

முதல் வியாபாரம், வண்டிக் கூலி.

2017-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி இந்தியா ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக் கோள்களை அனுப்பியது. அதில் 101 வெளிநாட்டாருடையவை. 2022-ம் ஆண்டு அக்டோபரிலும், 2023-ம் ஆண்டு மார்ச்சிலும் "ஒன்வெப்" கம்பெனியின் செயற்கைக் கோள்களை, தடவைக்கு 36 வீதம் ஏற்றிச் சென்றோம். 2025-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் "புளூபேர்ட்" செயற்கைக் கோளை நம் பெரிய ராக்கெட் தூக்கியது. அதன் எடை சுமார் 6,100 கிலோ. கூட்டிப் பார்த்தால், 400-க்கும் அதிகமான வெளிநாட்டுச் செயற்கைக் கோள்கள் நம் ராக்கெட்டுகளில் போயிருக்கின்றன.

இரண்டாவது வியாபாரம், படம்.

மேலே இருந்து எடுத்த படத்தில் பயிர் வாடுவது தெரியும். காடு அழிவது தெரியும். வெள்ளம் எதுவரை வந்தது என்பது தெரியும். பயிர் இன்ஷூரன்சுக்கும், சாலை போடுவதற்கும், ராணுவத்துக்கும் இந்தப் படங்கள் வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது. ஆகவே விற்கவும் ஆள் வந்துவிட்டது. பெங்களூரில் இளைஞர்கள் தொடங்கிய "பிக்சல்" என்ற கம்பெனி, 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து சொந்தச் செயற்கைக் கோள்களை வரிசையாக ஏவி இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறது.

மூன்றாவது வியாபாரம், பேச்சும் இன்டர்நெட்டும்.

டி.வி. செயற்கைக் கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுற்றும் வேகத்திலேயே அவையும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். தாழ்வாகப் போகும் செயற்கைக் கோள் அப்படி நிற்காது. சில நிமிஷத்தில் தலைக்கு மேலே வந்து மறைந்துவிடும். ஒன்று மறைவதற்குள் அடுத்தது வர வேண்டும். ஆகையால் ஒன்று இரண்டு போதாது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும். அமெரிக்காவின் "ஸ்டார்லிங்க்" 2019-ம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கில் அனுப்பிவிட்டது. அடிக்கடி ராக்கெட் விடவேண்டிய அவசியம் வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

நான்காவது வியாபாரம், பட்டறையும் தங்கும் விடுதியும்.

அங்கே எடை தெரியாது. எடை தெரியாத இடத்தில் சில மருந்துப் படிகங்கள் தரையில் விளைவதைவிட ஒழுங்காக விளைகின்றன. அமெரிக்காவின் "வார்டா" கம்பெனி ஆள் இல்லாத ஒரு சிறு கலத்தை அனுப்பி, மருந்துப் படிகத்தைத் தயாரித்து, 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் பத்திரமாகத் தரையில் இறக்கியது.

நாமும் சும்மா இல்லை. வேலை முடிந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கு வெறுமனே சுற்றிக்கொண்டு கிடக்கும். தேங்காய் எடுத்த பின் சிரட்டையை நம் வீடுகளில் எறிந்துவிடுகிறோமா? அகப்பை செய்கிறோம், அடுப்பில் வைக்கிறோம். இஸ்ரோவும் அந்தக் காலி அடுக்கையே ஆராய்ச்சி மேடை ஆக்கியது. 2024-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி போன ராக்கெட்டின் மேடையில் 24 சோதனைக் கருவிகள் இருந்தன. அதில் ஒன்றில் 8 காராமணி விதைகள். நான்கே நாளில் அவை முளைவிட்டன!

டிக்கெட் வாங்கிப் போனவர்

2025-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, இந்திய விமானப் படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் போனார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15-ந் தேதி திரும்பினார். 1984-ம் ஆண்டில் ராகேஷ் சர்மா போனபிறகு, பூமியைச் சுற்றும் பாதைக்குப் போன இரண்டாவது இந்தியர் அவர்.

ராகேஷ் சர்மாவை ரஷியா நட்புக்காக அழைத்துச் சென்றது. சுக்லா போனது "ஆக்சியம்" என்ற தனியார் கம்பெனி ஏற்பாடு செய்த பயணத்தில். ஏறிச் சென்ற வண்டி "ஸ்பேஸ் எக்ஸ்" என்ற இன்னொரு தனியார் கம்பெனியுடையது. செலவை இந்திய அரசாங்கம் கொடுத்தது.

அன்று அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையே நடந்த காரியம், இன்று கடைக்காரருக்கும் வாடிக்கைக்காரருக்கும் இடையே நடக்கிறது. காலம் மாறிய விதத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வயதாகிவிட்டது. 2000-ம் ஆண்டு நவம்பர் முதல் அதில் மனிதர்கள் இடைவிடாமல் இருந்து வருகிறார்கள். 2030-ம் ஆண்டுடன் அதன் வேலையை முடித்து, பிறகு கடலில் இறக்கிவிட அமெரிக்கா திட்டமிட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தனியார் நிலையங்கள் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. சொந்த வீடு கட்டுவதை விட்டு, வாடகை வீட்டுக்குப் போகிற மாதிரி!

யார் பணம்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

தனியார், தனியார் என்று பேச்சு அடிபடுகிறதே, அவர்களுக்குப் பணம் கொடுப்பது யார்? பல சமயம் அரசாங்கங்கள்தான். விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்ற ஸ்பேஸ் எக்சுக்குக் கூலி கொடுத்தது அமெரிக்க அரசாங்கம். வீரர்களை ஏற்றவும் அதே அரசாங்கம்தான் கொடுத்தது. சுக்லாவின் டிக்கெட்டும் நம் அரசாங்கப் பணம். அதாவது, நீங்களும் நானும் கட்டிய வரி.

இது தப்பா? தப்பு என்று சொல்லிவிட முடியாது.

திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் மாத்தூர் தொட்டிப் பாலத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பறளியாற்றின் பள்ளத்தாக்கில் 115 அடி உயரத்தில், தொட்டிபோல நிற்கிறது. காமராஜர் ஆட்சிக் காலத்தில் உருவான திட்டம், 1966-ல் முடிந்தது. அந்தப் பாலத்தை எந்த விவசாயியாலும் தனியாகக் கட்டியிருக்க முடியாது. அரசாங்கம் கட்டியது. தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் வாழையும் தென்னையும் வைத்துச் சம்பாதித்தவர்கள் குடிமக்கள்.

ராக்கெட் தளமும், சோதனைக் கூடமும், தொட்டிப் பாலம் மாதிரிதான். முதலில் அரசாங்கம் போட வேண்டும். பிறகு ஜனங்கள் பயிர் செய்ய வேண்டும்.

ஆனால், மடையை ஒரே ஒருவர் தம் வயலுக்கு மட்டும் திருப்பிக்கொண்டால்? அதைத்தான் நாம் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டு ஜூனில் தனியாருக்குக் கதவு திறந்தது. அனுமதி கொடுக்க "இன்-ஸ்பேஸ்" என்ற அமைப்பு ஏற்பட்டது. 2023-ம் ஆண்டில் விண்வெளிக் கொள்கை வெளியாயிற்று. ஐதராபாத் "ஸ்கைரூட்" கம்பெனி 2022-ம் ஆண்டு நவம்பரில் ஒரு சோதனை ராக்கெட்டை விட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த "அக்னிகுல்" கம்பெனி 2024-ம் ஆண்டு மே 30-ந் தேதி தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. அதன் என்ஜினை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக, அச்சு இயந்திரம் மூலம் வார்த்திருந்தார்கள். இரண்டும் பூமியைச் சுற்றும் அளவு போகாத, ஏறி இறங்கிய சோதனைகள். ஆனாலும் முதல் படி முதல் படிதான்.

சுமைகூலி போதுமா?

உலக விண்வெளி வியாபாரத்தில் இந்தியாவின் பங்கு சுமார் 2 சதவீதம் என்று அரசாங்கமே சொல்கிறது. 2033-ம் ஆண்டுக்குள் அதை 8 சதவீதம் ஆக்க வேண்டும் என்பது திட்டம்.

சந்தைக்கு மூட்டை சுமப்பவருக்குக் கூலி கிடைக்கும். மூட்டையில் உள்ளதை விற்பவருக்கு லாபம் கிடைக்கும். உலகத்திலும் பெரும் பணம் ராக்கெட் கூலியில் இல்லை. படம், செய்தி, இன்டர்நெட் விற்பதில்தான் இருக்கிறது. நாம் இதுவரை பெயர் எடுத்தது சுமப்பதில்.

சுமப்பதிலும் போட்டி கடுமை. 2024-ம் ஆண்டில் இந்தியா விட்ட ராக்கெட்டுகள் 5. அதே ஆண்டில் ஸ்பேஸ் எக்சின் "பால்கன்" ராக்கெட்டுகள் 130-க்கு மேல் பறந்தன. அவர்கள் ராக்கெட்டின் கீழ்ப் பாகத்தைத் திரும்ப இறக்கி, மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சவாரிக்கும் புது லாரி வாங்குகிறவரும், ஒரே லாரியைப் பல சவாரி ஓட்டுகிறவரும் ஒரே வாடகைக்கு ஓட்ட முடியுமா?

நம்பிக்கை என்பது இன்னொரு முதல். 2025-ம் ஆண்டு மே 18-ந் தேதி பி.எஸ்.எல்.வி. தோற்றது. 2026-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி மறுபடியும் தோற்றது. இரண்டு தடவையும் மூன்றாம் அடுக்கில் கோளாறு. இரண்டாவது தடவை, புதிதாகத் தொழில் தொடங்கிய கம்பெனிகளும் வெளிநாட்டாரும் ஆசையாக அனுப்பிய சிறு செயற்கைக் கோள்களும் போய்விட்டன.

ஆராய்ச்சி செய்கிறவர் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். சரக்கைக் கொடுத்த வியாபாரி அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். அடுத்த வண்டியைத் தேடிப் போவார். ஆகவே, என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடைக்கு நாணயம் முக்கியம்.

வானத்திலும் குப்பை

கடைகள் பெருகினால் குப்பையும் பெருகும். 2009-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் செயற்கைக் கோளும், செத்துப்போன ரஷியச் செயற்கைக் கோளும் மோதி நொறுங்கின. அந்த வேகத்தில் ஒரு சிறு ஆணி கூட வெடிகுண்டு போலத்தான். ஒரு துண்டு இன்னொன்றை உடைக்கும். அது பத்தை உடைக்கும். கடைசியில் அந்தப் பாதையே யாருக்கும் உதவாமல் போய்விடலாம்.

1967-ம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி, தனியார் விட்ட பொருளுக்கும் அந்த நாட்டு அரசாங்கமே பொறுப்பு. லாபம் வந்தால் கம்பெனிக்கு. நஷ்டஈடு வந்தால் நாட்டுக்கு! ஆகையால்தான், அனுமதி கொடுக்கும்போதே குப்பையை யார் இறக்குவது, இன்ஷூரன்சு யார் கட்டுவது என்று கறாராக எழுதி வாங்க வேண்டும். கொள்கை மட்டும் போதாது. அதன் முதுகுக்குப் பின்னால் சட்டத்தின் பலம் இருக்க வேண்டும்.

தென்கோடிக்கு வந்த வாய்ப்பு

இனி நம் பக்கம் வருவோம்.

குமரி மாவட்ட எல்லையை ஒட்டி மகேந்திரகிரி இருக்கிறது. நம் ராக்கெட்டுகளின் திரவ என்ஜின்களைச் சோதிப்பது அங்கேதான். கிழக்கே, திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிறோமே, அதே குலசைதான். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அங்கே புது ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு சுமார் 986 கோடி ரூபாய்.

ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும். ஆகவே ராக்கெட் வளைந்து போக வேண்டும். வளைந்தால் எரிபொருள் வீண். பெரிய ராக்கெட் தாங்கும். சிறிய ராக்கெட்டுக்குச் சுமக்கும் சக்தியே குறைந்துவிடும். குலசைக்கு நேர் தெற்கே கடல்தான். தடை இல்லை.

500 கிலோ வரை சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுக்கு இந்தத் தளம் பொருத்தம். 2022-ல் அதன் முதல் முயற்சி தோற்றது. 2023-லும் 2024-லும் வெற்றி. 2025-ம் ஆண்டில், அதைத் தயாரிக்கும் உரிமையை 511 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு எச்.ஏ.எல். எடுத்திருக்கிறது.

தளம் வந்தால் எல்லோருக்கும் ராக்கெட் என்ஜினீயர் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைக்கக்கூடியது வேறு. பற்றவைப்பு, கடைசல், மின்சார வேலை, குளிர்சாதனம், வால்வு, குழாய் இவற்றில் நுட்பமான கை வேண்டும். நம் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் இன்றே அந்தப் பாடத்தைத் தொடங்கினால்தான், தளம் ஓடும்போது நம் பிள்ளைகள் கையில் தொழில் இருக்கும். இல்லாவிட்டால் ராக்கெட்டை வேடிக்கை பார்த்துவிட்டு வேலைக்கு வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

முடியாத காரியம் அல்ல. நாகர்கோவிலுக்குப் பக்கத்துச் சரக்கல்விளையில், விவசாயி வீட்டில் பிறந்து, அரசாங்கப் பள்ளியில் தமிழில் படித்த கே.சிவன் 2018-ல் இஸ்ரோ தலைவர் ஆனார். மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி.நாராயணன் 2025-ல் அந்தப் பொறுப்பை ஏற்றார். மாதவன் நாயரையும் சேர்த்தால், ஒரே மாவட்டத்தில் பிறந்தவர்கள் மூன்று பேர்!

கடலில் இருப்பவனுக்கு என்ன லாபம்?

2017-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒகிப் புயல் வந்தது. குமரி மாவட்டத்துக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. கரையில் உள்ளவர்கள் கூப்பிட்டார்கள். கடலில் உள்ளவர்களுக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு, செயற்கைக் கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் வாங்கவும் கூடிய கருவியை இஸ்ரோ தயாரித்தது. கடலோர மாநிலங்களில் 1 லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம், சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில், 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி தொடங்கியது. அது உயர்ந்த வானத்துச் செயற்கைக் கோளை நம்பிய ஏற்பாடு. லாபத்துக்காகச் செய்தது அல்ல.

இனி வரப்போவது, சாதாரண செல்போனுக்கே தாழ்ந்த வானத்தில் இருந்து நேராகச் செய்தி அனுப்பும் ஏற்பாடு. டிசம்பரில் நாம் ஏற்றிவிட்ட "புளூபேர்ட்" அந்த ரகம்தான். கோபுரம் இல்லாத மலையிலும், கரை தெரியாத கடலிலும் பேசலாம் என்கிறார்கள்.

நல்லதுதான். ஆனால் கட்டணம் என்ன? தூத்தூர்க்காரர் ஒருவர் படகில் இருந்து, "புயல் வருகிறதா?" என்று கேட்க, மாதச் சம்பாத்தியத்தில் பாதியைக் கொடுக்க வேண்டுமானால் அந்த வியாபாரம் யாருக்கு? சந்தோஷப் பேச்சுக்குக் காசு வாங்கட்டும். ஆபத்துச் செய்திக்குக் காசு வாங்கக் கூடாது. அலைவரிசையும் அனுமதியும் கொடுப்பது அரசாங்கம். கொடுக்கும்போதே இந்த நிபந்தனையைப் போட வேண்டும். கொடுத்துவிட்டுக் கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

வானத்தில் கடை வைப்பதை இனி யாராலும் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம். அந்தக் கடையில் நாம் வெறும் சுமைகூலியா, பங்காளியா என்பதுதான் கேள்வி. பங்காளி ஆக வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். ராக்கெட் தவறாமல் பறக்க வேண்டும். நம் பிள்ளைகள் கையில் நுட்பத் தொழில் ஏற வேண்டும். பொதுப் பணத்தில் வளர்ந்த தொழில், புயல் நாளில் பொதுஜனத்துக்குக் கணக்குப் பார்க்காமல் உதவ வேண்டும்.

முதல் இரண்டும் விஞ்ஞானிகளும் பள்ளிக்கூடங்களும் பார்க்க வேண்டியவை. மூன்றாவது, ஓட்டுப் போடுகிற நாம் கேட்டு வாங்க வேண்டியது.